பட்டம் வாங்கிய மொட்டை

எவ்வளவு பெரிய கோபமும் நாளாக நாளாக ஆறிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. என் கோபத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம்கூட ஆறவில்லை. யார் வீட்டுக்காவது போய், அங்கே சுவரில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக ஒரு பட்டதாரிப் படம் மாட்டியிருந்தால், நான் முதலில் பார்ப்பது அந்தப் பிள்ளையின் காதோரத்தை. தொப்பிக்குக் கீழே முடி தெரியும். எல்லாப் படத்திலும் தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பி வந்து காப்பியைக் குடிப்பேன்.

எழுபதுகளின் நடுவில், மலேசியாவில் கோப்பெங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். நானும் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் படிப்புக்காக அல்ல, முடிக்காக.

அது சாதாரண முடி இல்லை. காதை மூடி, சட்டைக் காலரைத் தொட்டு, நெற்றியில் ஒரு சுருளாக விழுந்து கிடக்கும். அதைச் சீவ எனக்குத் தினமும் இருபது நிமிடம் ஆகும். (படிப்புக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கினேனா என்று கேட்காதீர்கள்.) விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பின்னால் நின்று, "யாரு இது, ஆபீஸ் கிராணியோட மகளா?" என்று கேட்பார். நான் சட்டை செய்ததில்லை. ஏனென்றால் தாப்பாவிலிருந்து வந்து என் வகுப்பில் படித்த ஸ்டெல்லா, நூலகத்தில் ஒருநாள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "சேகர், உங்க முடி நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

இறுதித் தேர்வு முடிவு வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அங்கிக்கும் தொப்பிக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். விழா முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் பேசிவிடுவது என்று தீர்மானித்து, பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று நெற்றிச் சுருளோடு சேர்த்து ஒத்திகையும் பார்த்துவிட்டேன்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல் சொன்னார்.

"நாளைக்கு உனக்கு முடி எறக்கணும்டா. வேண்டுதல் இருக்கு."

"எனக்கா? வெள்ளிக்கிழமை பட்டம் வாங்கப் போறேம்மா!"

"அதனாலதான் நாளைக்கே எறக்கிருவோம்."

"விழா முடிஞ்சு வந்து எறக்கிக்கிறேன். பத்து நாள்லா. பத்து நாள் பொறுக்க மாட்டாளா ஆத்தா?"

"ஆத்தா உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா? நீ யாரு, மேனேஜரா?"

"பரீட்சை எழுதுனது நானு. கண் முழிச்சுப் படிச்சது நானு. ஆத்தாளா வந்து எழுதினா?"

எதற்காக வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "வேண்டுதல்னா வேண்டுதல்தான்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான் பாஸாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மூளையை நம்பாமல் என் முடியை அடகு வைத்திருக்கிறார்கள். இதைவிட ஒரு பட்டதாரிக்கு அவமானம் உண்டா?

மறுநாள் கோப்பெங்கிலிருந்து வந்த நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, முடியை அள்ளிப் பார்த்தார். "என்னா முடி தம்பி இது! இந்த மாதிரி முடிய நான் தொட்டதே இல்ல" என்றார். என் கண்ணில் நீர் வந்தது. அடுத்த நொடி கத்தி நடு உச்சியில் இறங்கியது. பாராட்டிவிட்டு அறுக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். வேலை முடிந்ததும் அம்மா ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினார். கோயில் குட்டையில் குனிந்து பார்த்தேன். மஞ்சள் பூசணிக்காய் ஒன்று என்னை முறைத்தது.

வியாழக்கிழமை கோலாலம்பூர் போய் அங்கியையும் தொப்பியையும் வாங்கினேன். தொப்பியைத் தலையில் வைத்தேன். அது நேராகப் புருவத்துக்கு வந்து, காதுகள் தடுத்ததால் நின்றது. அளவு கொடுத்தபோது என்னோடு சேர்த்து முடியையும் அளந்திருந்தார்கள்! வேறு அளவு மிச்சமில்லை என்றார் அங்கிருந்தவர். தமிழ்ப் பத்திரிகை ஒன்றை வாங்கி, நான்காக மடித்து, தொப்பிக்குள் வளையமாகச் செருகிக்கொண்டேன். ஓரளவு நின்றது.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி, சட்டை. அம்மா கல்யாணச் சேலை. அம்மாவின் கையில் ஒரு பால் டின். அதற்குள் குழைத்த சந்தனம்.

"வேணாம்மா!"

"சும்மா இரு. மொட்டத் தலையில வெயில் பட்டா சூடு புடிச்சுக்கும். தொப்பிக்குள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறா?"

மண்டப வாசலில், நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் இடத்தில், என் தொப்பியைக் கழற்றி அவர் ஒரு பூச்சுப் பூசினார். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் தலையை ஆட்டக்கூட இல்லை.

பட்டதாரிகள் வரிசையாக நின்ற நடைவழியில் நான் தூண் ஓரமாகப் பதுங்கி நின்றேன். அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். அவள் அண்ணனின் கேமராவை வைத்துக்கொண்டு எங்கள் வகுப்பு ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள், கூட்டமாக ஒரு படம் எடுக்க. நேராக என்னிடம் வந்து நின்றாள். புருவம் வரை தொப்பி இறங்கிய என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"எக்ஸ்கியூஸ் மி, சேகரனைப் பாத்தீங்களா? நெறைய முடி வச்சிருப்பாரு."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? சிரித்து, "நான்தான் ஸ்டெல்லா" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் படித்த நான் தொண்டையைக் கனைத்து, குரலை மாற்றிக்கொண்டு, "அவரு வரல" என்றேன்.

"வரலையா? ஏன்?"

"ஒடம்பு சரியில்லையாம்."

"ஐயோ, பாவம்" என்றாள். அவள் முகம் வாடியது. எனக்காக வாடியது! அதை ரசிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நிற்க, அவள் போய்விட்டாள். பத்து அடி தள்ளி என் வகுப்பு முழுவதும் தோளோடு தோள் சேர்ந்து நின்று, நானில்லாமல் படம் எடுத்துக்கொண்டது. ஒருவன், "சேகர் இருந்தா நல்லா இருந்திருக்கும்லா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் என் பொய்யில் ஒரு ஓட்டை இருப்பது உறைத்தது. உடம்பு சரியில்லாமல் வராதவனின் பெயரை இன்னும் சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடப் போகிறார்கள்.

கூப்பிட்டார்கள். தெளிவாக, அப்பா பெயரோடு சேர்த்து, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்கள். நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு மேடையேறினேன். நடக்கும்போது தொப்பி அசையவில்லை. பட்டம் வழங்குகிறவர் முன்னால் போய் நின்றேன். இனிக் குனிந்து வணங்க வேண்டும். குனியாமல் வணங்க வழி உண்டா என்று ஒரு நொடி யோசித்தேன். இல்லை.

குனிந்தேன். தொப்பி விழுந்தது. பின்னாலேயே பத்திரிகை விழுந்து, மடிப்பு விரிந்து, முழுப்பக்கமாக மேடையில் பரந்தது. விளக்குகள் அத்தனையும் என் சந்தனத் தலையில் அடித்தன. பிறகு மாடியில் ஒரு மூலையிலிருந்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் அம்மாவின் குரல்.

"அதான்யா எம் மவன்!"

எழுந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தொப்பியைப் பொறுக்குவதா, பட்டத்தை வாங்குவதா என்று தடுமாறி, முதலில் பத்திரிகையைப் பொறுக்கினேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே வந்தால் ஸ்டெல்லா எதிரில் நிற்கிறாள். என் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப ஒடம்பு தேவலையா, சேகர்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். (பின்னாளில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. அவருக்கு முடி எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. சரி, விசாரித்தேன். அடர்த்தியாம்.)

பட்ட காலிலேயே இன்னொன்றும் பட்டது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு சீன அம்மா வந்தார். மஞ்சள் மொட்டையையும் நீண்ட அங்கியையும் பார்த்து என்ன நினைத்தாரோ, இரு கைகளையும் கூப்பி, சாமியாரைக் கூப்பிடுவதுபோல் "டோக் சாமி" என்று கூப்பிட்டு, தன் மகனுக்கு நல்ல வேலை கிடைக்குமா என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் கேட்டார். எனக்கே வேலை கிடைக்குமா என்று தெரியாத நேரம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் விலாவில் இடித்தார்.

"பெரியவங்க கேக்கறாங்கள்ல. கெடைக்கும்னு சொல்லுடா."

"கிடைக்கும்" என்றேன். அந்த அம்மா நிம்மதியாகப் போனார். அன்று பல்கலைக்கழகத்தில் என்னால் பயனடைந்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு, ஆடு அடித்து, தோட்டம் முழுவதற்கும் விருந்து. மண்டோர் எழுந்து, "ஆத்தாளுக்கு முடி குடுத்தான், பட்டத்த வாங்கிட்டான்" என்று பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குள் இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. எழுந்து நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லிக்கிறேன். இந்தப் பட்டம் என் மூளையால வந்தது. முடியால வரல. என்னைப் பெத்தவங்களுக்கே எம்மேல நம்பிக்கை இல்ல. அதனாலதான் சாமிகிட்ட போயி..."

"உக்காருடா" என்றார் அம்மா.

கையில் குழம்பு வாளியோடு வந்து என் முன்னால் நின்றார். "உன் பரீட்சைக்குன்னு யாரு சொன்னா? அது உங்கப்பா ஐசிக்கு வேண்டுனது."

எனக்குப் புரியவில்லை. அம்மா நின்றபடியே சொன்னார். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து வந்த அப்பாவிடம் இருந்த ஐசி, அதாவது அடையாள அட்டை, சிவப்பு நிறம், குடியுரிமை இல்லாதவர்களுடையது. நான் முதல் வருடம் படிக்கும்போதே, இனி வேலை பெர்மிட் தருவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்களாம். குடிமக்களுக்குரிய நீல அட்டைக்கு மனுப்போட்டு, மலாயில் கேள்வி கேட்ட அதிகாரி முன்னால் அப்பா பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாராம். இரண்டாவது தடவை போகும்போதுதான் அம்மா வேண்டிக்கொண்டது. தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். பட்டம் கையில் வருகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

அப்பா சட்டைப் பையிலிருந்து புது நீல அட்டையை எடுத்து, வேட்டியில் ஒருமுறை துடைத்து, என்னிடம் நீட்டினார்.

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். "அப்பா ஐசிக்கு அப்பா முடியத்தானே குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு ஏதுடா முடி?"

கூடாரமே அதிர்ந்தது. அப்பா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு அவரும் சிரித்தார். அம்மா என் இலையில் கறியை அள்ளி வைத்தார்.

"நீ பாஸாவேன்னு எனக்குத் தெரியும்லா. அதுக்கெல்லாம் எவளாவது வேண்டுவாளா?"

அந்தக் கறியை நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் என் கோபமும் முடிந்திருக்கும். ஆனால் அம்மா சொன்ன விளக்கம் கூடாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மண்டோர் சொன்னதுதான் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போனது. அடுத்த வருடம் பரீட்சை எழுதவிருந்த ஏழு பையன்களைத் தாய்மார்கள் பிடித்து உட்காரவைத்து மழித்துவிட்டார்கள். ஆறு பேர் பாஸானார்கள். குமரன் என்பவன் மட்டும் பெயில்.

குமரன் பிறகு ஈப்போ புந்தோங்கில் லாரிகள் வாங்கி ஓடவிட்டு, எங்கள் எல்லாரையும்விட வசதியாக இருக்கிறான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தவன், பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "இவருதான்டா தாத்தாவ சும்மாவே மொட்ட போட வச்ச ஆளு" என்று அறிமுகப்படுத்தினான். பிள்ளைகள் என்னை முறைத்தார்கள். பாஸான ஆறு பேரும் இன்றுவரை மாரியம்மனுக்கு நன்றி சொல்கிறார்கள். பெயிலானவன் மட்டும் என்னைத்தான் திட்டுகிறான்.