தராசண்ணனும் பங்குனி ஆமையும்

காஞ்சிபுரத்தில் தராசண்ணன் கையில் வாங்கி எடை சொல்லாத பொருள் வரதராஜர் கோயில் தேர் ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுக்க ஆள் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார். மற்றபடி இட்லி, கல்யாணப் பத்திரிகை, டாக்டர் கொடுத்த மாத்திரைப் பொட்டலம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எதுவும் அவரிடம் தப்பியதில்லை. குழந்தைக்கு என்ன பெயர் என்று நாம் கேட்பதற்குள் அவர் வாங்கி, ஒரு தடவை லேசாக ஏந்திப் பார்த்து, கிராம் சுத்தமாக எடையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெற்றவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். எதிர் மேசையில் நான் எழுத்தர். பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் நெசவாளரிடம் கொடுப்போம். சேலையாக வந்ததும் மறுபடி நிறுப்போம். மழை நாளில் சேலை வந்தால் மனிதர் தொடவே மாட்டார். பட்டு ஈரத்தைக் குடித்திருக்கிறது, ஆறட்டும் என்பார். வெளியே பத்துப் பேர் குடையோடு நின்று அவரை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் சாவதானமாகத் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நிறுக்கும்போது தட்டில் விரல் பட்டால் எடை பொய்யாகிவிடும்; அது அவர் சட்டத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். சங்கத் தலைவரே ஒரு தடவை தெரியாமல் தட்டைத் தொட்டுவிட்டு, அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், யாருக்கும் பயந்தவள் இல்லை. ஆனாலும் இருபது வருஷத்தில் அந்தத் தட்டுப் பக்கம் நான் கை நீட்டியது கிடையாது.

ஒரு நாள் காலையில், சும்மா இருக்க மாட்டாமல், செல்போனில் வந்த ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தேன். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வந்த பங்குனி ஆமைகளின் முதுகில் சின்னக் கருவி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் அது சாட்டிலைட்டுக்குச் சேதி சொல்லும். எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போய் வந்தது, அங்கே தண்ணீர் எவ்வளவு சூடு, எல்லாம் தெரியும். கப்பல் போகாத இடத்துக் கடல் சமாச்சாரம்கூட ஆமை புண்ணியத்தில் கிடைக்கும். மழை, புயல் கணிப்பவர்களுக்கும் அது உதவும். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டோம். தராசண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அந்த மிஷினு எவ்ளோ வெயிட்டும்மா?”

செய்தியில் அது இல்லை. அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. ஒரு ஜீவன் முதுகில் ஒன்றை ஏற்றுவதற்கு முன்னால் எடை சொல்ல வேண்டாமா, அதைக் கேட்டுவிட்டா வைத்தார்கள் என்று சாயங்காலம் வரை புலம்பினார். மறுநாள் அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு என்னை விட்டு ஒரு கடிதம் எழுத வைத்தார். பதில் இல்லை. இன்னொன்று எழுத வைத்தார். ஆமை முட்டையிடுகிற வேகத்தில் நான் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சின்னக் குரல், ஆனால் பொறுமைசாலி. கருவியின் எடை, ஆமையின் எடை, உடம்பு எடையில் ரொம்பச் சின்னப் பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற விதி, ஒரு நாள் அது தானாகவே கழன்று விழுந்துவிடும் என்பது எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்து அனுப்பினீர்களே, திரும்பி வந்தால் மறுபடி நிறுப்பீர்களா என்று இவர் கேட்டார். முயற்சி பண்ணுகிறோம் சார் என்றாள். இவருக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. ஒரு ஆமை போகும் பாதையைப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாள்.

அதோடு ஆரம்பித்தது. தினமும் பத்து மணிக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

“அந்தம்மா எங்க இருக்குது?”

முட்டையிட்ட ஆமை, ஆகவே அம்மா. புதிதாக வந்த கேஷியர், அண்ணி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்து, ஒரு வாரம் அவரிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார். பீரோ பக்கவாட்டில் கடல் பெரிதாகத் தெரியும் ஒரு வரைபடத்தை ஒட்டினார் தராசண்ணன். நான் இடத்தைச் சொல்லச் சொல்ல, குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி சிவப்புப் பட்டு நூல் கட்டினார். ஒரு நாளைக்கு ஒரு நெல்லளவு நூல், அவ்வளவுதான் அந்தம்மாவின் வேகம். நாகப்பட்டினம் தாண்டி, இலங்கைக்குக் கிழக்கே இறங்கி, தெற்கே திரும்பியது. சேலை கொண்டுவந்தவர்கள் காத்துக்கிடப்பார்கள். இவர் அவர்களுக்கு அங்கே தண்ணீர் என்ன சூடு என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வைகாசி கருடசேவைக்கு மறுநாள், நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தட்டு போய்ச் சுவரில் அடித்தது. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, தராசு முள் நடுவில் நிற்கிறதா பார் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் தராசை எடுத்துத் தெருவில் வீசியிருப்பேன்.

அடுத்த வாரம் வீட்டிலும் விழுந்தார். சென்னையில் காட்டினார்கள். இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துவிடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இவர் முடியாது என்று எழுந்து வந்துவிட்டார். அண்ணி அதுவரை சங்கத்து வாசலை மிதித்ததில்லை. தறியிலிருந்து எழுந்து நேரே வந்திருந்தாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“மிஷின சொமந்துக்கினு வாழ்றதுக்கு பேசாம போயிடலாம்னு சொல்றாரும்மா. நீ சொன்னா கேப்பாரு. எனக்கு அவரு வேணும்மா.”

எனக்கு நைச்சியமாகப் பேச வராது. எல்லோர் எதிரிலும் கிழி கிழி என்று கிழித்தேன். மனிதர் ஜரிகைக் கட்டை நிறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், ஊருக்கெல்லாம் எடை கேட்கிறவர் அந்த பேஸ்மேக்கர் எவ்வளவு எடை என்று கேட்டீர்களா என்றேன். கை நின்றது. கேட்கவில்லையே என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுபடி சென்னைக்குப் போனோம், அண்ணி, அவர், நான். மஞ்சப்பைக்குள் ஜரிகை நிறுக்கும் குட்டித் தராசு. டாக்டர் மாதிரிக்கு ஒரு பேஸ்மேக்கரை எடுத்துக் காட்டியதும், இவர் மேசை மேல் இருந்த காகிதங்களை ஒதுக்கி, தராசைத் தொங்கவிட்டு நிறுத்தார். வெளியே அத்தனை நோயாளிகள் காத்திருக்க, அந்தப் பெரிய டாக்டர் தீபாராதனை பார்ப்பதுபோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநாலு கிராம். தன் எடை, ஆமையின் எடை, இரண்டு கருவிகளின் எடை எல்லாம் போட்டு மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு கணக்கு. அந்தம்மா சுமக்கிற பங்கில் தனக்குப் பத்தில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்ததும் தராசை மடித்து வைத்துவிட்டார். பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது வாயைத் திறந்தார்.

“அது சொமந்துக்கினு போவுது இல்ல? அது போற வரைக்கும் நானும் சொமக்கறேன்.”

அண்ணி என் கையைப் பிடித்தவள், காஞ்சிபுரம் வரை விடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை போனில் ஆமையின் புள்ளி நகரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. தராசண்ணன் வெள்ளிக்கிழமையிலிருந்தே லீவில் இருந்ததால் பிழைத்தேன். அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். சிக்னல் நின்றுவிட்டது, பேட்டரி தீர்ந்திருக்கலாம், கருவி கழன்று விழுந்திருக்கலாம், வலையில் மாட்டியும் இருக்கலாம், எது என்று இனி யாருக்கும் தெரியாது மேடம் என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆமைக்காக அழுகிறேனா, அண்ணனுக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியாமல் அழுதேன்.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் கார் சங்கத்து வாசலில் நிற்க, அவர் மட்டும் மாடியில் இருக்கும் ஆபீசுக்கு ஏறி வந்தார். அந்தம்மா எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் போனைப் பார்த்தேன். வியாழக்கிழமை இருந்த இடத்திலேயே, இலங்கைக்குத் தெற்கே, புள்ளி அப்படியே இருந்தது.

“போயிக்கினே இருக்குதுண்ணா,” என்றேன். “மாலத்தீவு பக்கம் போயிட்டுது.”

பள்ளிக்கூடத்தில் பூகோளம் எனக்கு எப்போதும் தகராறுதான். அவர் ஒரு ஊசியை எடுத்துக் குத்தி, நூலை இழுத்துக் கட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரிம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவர், அந்தம்மா எங்கே என்று அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது, ஏகாம்பரநாதா காப்பாற்றினாய் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த வரைபடத்தைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டு நூலைக் காட்டினார். நெல் நெல்லாக வந்த நூல், கடைசி ஊசிக்கு மட்டும் முக்கால் சாண் பாய்ந்திருந்தது.

“ஒரு நாளைக்கு ஒரு நெல்லு தூரம் போற அந்தம்மா, நாலு நாள்ல இம்மாந் தூரம் எப்பிடிம்மா போவும்? பஸ் புடிச்சா?”

தெரிந்தேதான் ஆபரேஷனுக்குப் போனீர்களா என்று கேட்டேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி வருசத்துல நீ தட்டுல வெரல் வெச்சி நான் பாத்ததில்ல. எனக்கோசரம் வெச்ச. அப்பறம் எப்பிடி போவாம இருக்கறது?”

ஓய்வுக்குப் பிறகு தினமும் பத்து மணிக்குச் சங்கத்துக்குப் போன் வரும். பக்கத்துக் கூரம் கிராமத்தில் இருக்கிறேன், டீக்கடையில் இருக்கிறேன், இன்றைக்குக் குழாய்த் தண்ணி நல்ல சூடு என்று சேதி சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மூன்று வருஷம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போன மார்கழியில் ஒரு நாள் பத்து மணி தாண்டியும் வரவில்லை. பத்தேகாலுக்கு அண்ணி கூப்பிட்டாள். காய்ச்சல்தான், இரண்டே நாளில் முடிந்துவிட்டது. இருபத்துநாலு கிராம் கடைசிவரை தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்தது என்றாள்.

இப்போதும் வெளியூருக்குப் போய்விட்ட பழைய நெசவாளர்கள் யாராவது சங்கத்துக்கு வந்தால், தராசண்ணன் எங்கே, நன்றாக இருக்கிறாரா என்று கேட்பதுண்டு. போய்க்கொண்டே இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன். தெரிந்தேதான், தட்டில் விரல் வைத்துத்தான் சொல்கிறேன்.