நானாவின் ரயிலுக்குத் தோள் கொடுத்த கதை

களைத்துப்போனால் நான் பொய் சொல்லமாட்டேன். உண்மையும் சொல்லமாட்டேன். சும்மா இருந்துவிடுவேன். இந்தக் குணத்தால் எனக்குப் பெரிய நட்டம் ஒன்றும் வந்ததில்லை. உயிரோடு இருக்கிற என் நானாவுக்கு ஊர் கூடி ஜனாஸா எடுத்தது, அவ்வளவுதான்.

நானா என்றால் என் மூத்த சகோதரர். எங்கள் ஊரான உக்குவளையில் பாதிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்த ஜுனைத் சேர். (மீதிப் பேர் அவருக்குப் பயந்து வேறு பள்ளிக்கூடம் போனவர்கள்.) ஓய்வு பெற்றதும் அவர் வயதுக்காரர்கள் மக்காவுக்கு உம்ரா போனார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார்கள். இவர் ரயில் கட்டினார். வீட்டுக்குள் சுவரோரமாக, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் அளவுக்குப் பலகை அடித்து, உக்குவளை ஸ்டேஷனிலிருந்து மாத்தளை ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளம் போட்டார். பக்கத்தில் கடைத்தெரு, பள்ளிவாசல், பாலம், குன்றுகள், பச்சைச் சாயம் போட்ட மரத்தூளில் புல்வெளி. அதில் ஒரு எஞ்சினும் மூன்று பெட்டிகளும் போகும், வரும். வேறு ஒன்றும் நடக்காது. அதைத்தான் அவர் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருக்கு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கண்டியில் மாடிவீடு ஒன்றில் இருக்கிற மகள், வாப்பாவையும் உம்மாவையும் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். நானா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ரயிலுக்கு ஒரு நல்ல எடம் பாருங்க. அதுக்குப் பொறகு வாறேன்.”

“சாச்சா, நீங்கதான் பாத்துத் தரணும்,” என்று மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வரன் தேடியபோதுகூட நான் இப்படி அலைந்ததில்லை. பள்ளிக்கூட அதிபர் ஒருவர், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்றார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எஞ்சினை மட்டும் கேட்டார், ஊர் வேண்டாமாம். பலகையை இரண்டாக அறுத்தால் எங்கேயும் வைக்கலாம் என்று தச்சு பாஸ் ஒருவர் யோசனை சொன்னார். நானா அவரை உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, அமைதியாகக் கேட்டார்: “எந்த எடத்துல அறுக்கப் போறீங்க? ஸ்டேஷனுக்கு அங்கிட்டா, பள்ளிவாசலுக்கு இங்கிட்டா?” பாஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில், என் கடையில் மிளகு, கராம்பு மூட்டைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் வந்த ஒரு சாயங்காலம், என் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது. என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“வைங்க,” என்றாள் என் மனைவி. “இந்த வீட்டுல ஒண்டு ரயில் ஈக்கணும், இல்லாட்டி நான் ஈக்கணும். நான் எங்கயும் போகப் போறதில்ல. அத மட்டும் நெனவு வெச்சிக்கோங்க.”

நானாவின் வீட்டிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்தால் என் வீடு. லொறியில் ஏற்றினால் குலுக்கலில் குன்றுகள் சரிந்துவிடும், கையால்தான் தூக்க வேண்டும் என்று நானா சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கைகள் தேவைப்பட்டால் சாயங்கால அஸர் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் படியில் நிற்க வேண்டும். அங்கேயே மூன்று பேரைப் பிடித்தேன். தொழுத தொப்பியோடு அப்படியே வந்தார்கள். நானும் தொப்பியோடுதான் இருந்தேன்.

வாசலுக்குக் கொண்டுவந்ததும் காற்றடித்து மரத்தூள் புல் பறக்க ஆரம்பித்தது. மதினி ஓடிப்போய், தோய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, தலை முதல் கால் வரை போர்த்தி, ஓரங்களை நன்றாகச் செருகிவிட்டார். பலகையின் ஒரு முனையில் உருண்டையாக ஒரு குன்று. மறுமுனையில் சுரங்கத்தின் இரு பக்கமும் சின்னதாக இரண்டு குன்றுகள். கையில் தூக்கினால் வாகனங்களில் இடிக்கும் என்று தோளில் ஏற்றினோம். தெருவிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நான் தூக்கிக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டிருந்தது ஊர்.

ஜனாஸா போகும்போது இறந்தவர் யார் என்று முதலில் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, நாலு எட்டாவது தோள் கொடுக்க வேண்டும். அது நன்மை. விபரமெல்லாம் பிறகு.

பேக்கரிக்காரர்தான் முதலில் வந்தார். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், என் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கழுத்து இறுகிக் கிடந்தது, அந்தத் தோள் வந்ததும் சுகமாக இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து புடவைக்கடைக்காரர். அடுத்து பழக்கடைத் தம்பி. உக்குவளை மக்கள் எவ்வளவு உதவியானவர்கள் என்று மனம் நிறைந்தபடியே நடந்தேன். (இவ்வளவு மந்தமான ஆள் இத்தனை வருடம் மிளகு வியாபாரம் செய்து பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை.)

என்னோடு வந்த மூவரில் ஒருவர் காதில் சொன்னார்: “முதலாளி, ஆக்கள் கொஞ்சம் கூடின மாதிரி ஈக்கு.”

திரும்பிப் பார்த்தேன். தெரு நிறைய ஆட்கள். ஸ்டாண்டில் இருந்த சிங்கள த்ரீவீல்காரர்கள் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். மாத்தளை பஸ் ஓரமாக நின்றது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

பக்கத்தில் வந்த வயதான ஹாஜியாரின் கையைப் பிடித்துச் சொன்னேன்: “ஹாஜியார், யாரும் மௌத்தாகல்ல.”

அவர் என் முதுகைத் தடவினார். “அப்படித்தான் ஈக்கும் தம்பி. எங்கட உம்மா மௌத்தான நேரம் எனக்கும் அப்படித்தான் ஈந்திச்சு. சபுர் செய்ங்க, பொறுமையா ஈங்க.”

“இல்ல ஹாஜியார். இது ரயில்.”

அவருடைய கண் கலங்கிவிட்டது. “பாவம், ஆளுக்கு நல்லா தாக்கிட்டு,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேர் வந்து என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

முன்னால் போனவர்கள் பள்ளிவாசல் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். நானாவின் வீட்டிலிருந்து வந்த பலகை, தூக்குவது அவருடைய தம்பி என்று யாரோ கணக்குப் போட்டுப் போனில் சொல்லியிருக்க வேண்டும், மோதினார் ஒலிபெருக்கியைப் போட்டார். இன்னாலில்லாஹி சொல்லி, கணக்குப் படிப்பித்த ஜுனைத் சேர் காலமானார் என்று ஊருக்கே அறிவித்தார்.

அது நானாவின் வீடு வரைக்கும் கேட்டது. முழங்காலால் எங்களோடு நடக்க முடியாமல் வீட்டிலிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர் மதினியிடம், “இதே பேர்ல இன்னொரு சேர் ஈக்கிறாரா?” என்று கேட்டாராம். பிறகு த்ரீவீல் பிடித்தார். ஓட்டினவன் அவரிடம் படித்தவன். வழியெல்லாம் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தானாம்.

பள்ளிவாசல் முற்றத்தில் பலகையை இறக்கியபோது நானா கைத்தடியோடு வந்து இறங்கினார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவர் நேராக வந்து, குனிந்து, விரிப்பை விலக்கினார்.

“மாத்தளை சரிஞ்சி போச்சு,” என்றார்.

யாரோ ஒருவர் சிரிக்க, முற்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் பூமிக்குள் போகப் பார்த்தேன். கைத்தாங்கலாகப் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. பிறகு ஆளாளுக்குக் குனிந்து தங்கள் கடையைத் தேடினார்கள்.

“சேர், எங்கட பேக்கரிய ஏன் இவ்வளவு சின்னதா கட்டீக்கிறீங்க?”

“ஒங்கட வாப்பாட காலத்துல அது அவ்வளவுதான்.”

நானா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். “இவ்வளவு பேரும் எனக்கா வந்தீங்க?” என்று கேட்டார். ஹாஜியார்தான், “ஓம் சேர்,” என்றார். நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

“தம்பி, தூக்குங்க. வீட்டுக்குப் போவோம்.”

“எந்த வீட்டுக்கு?”

“என்ட வீட்டுக்கு. தோள் குடுக்க இவ்வளவு பேர் ஈக்கிற ஊர விட்டுட்டு, கண்டியில போய் மாடி ஏறவா நான்?”

வந்த வழியே தூக்கிக்கொண்டு போனோம். ரயில் அதே சுவரோரம், நானா அதே நாற்காலியில். கண்டி மகள் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் மனைவிக்கு மட்டும் சந்தோஷம். என் வலது தோள் மழைக்காலத்தில் வலிக்கிறது. கடைத்தெருவில் நான் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும், “முதலாளி, ஆளா சாமானா?” என்று கேட்டுவிட்டுத்தான் வழிவிடுகிறார்கள்.

அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று நானா என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் மட்டும் கல்லாவை விட்டு இறங்கவில்லை. அவரோடு நானா பேச்சை நிறுத்திவிட்டார். பெருநாள் அன்று அந்த மனுஷன் வீட்டுக்கே வந்து, “சேர், அது வெறும் ரயில்தானே,” என்று மன்றாடினார்.

“அது ரயிலெண்டு அந்த நேரம் ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் நானா.

சரிந்த மாத்தளையை அவர் இன்னமும் திருத்திக்கொண்டிருக்கிறார். அந்தக் கடையில் ஒன்றும் வாங்கக் கூடாதாம். ஒரு ஆணி வேண்டுமென்றாலும் மாத்தளைக்கு பஸ் ஏறுவது நான்தான்.