இருநூற்று நாற்பது அடி

17 ஜூன் 1979, ஞாயிறு. நேற்றைய கணக்கில் ஒரு சிறு பிழை. எரிவாயுவோடு சிலிண்டரின் இரும்பையும் சேர்த்து எடை போட்டுவிட்டேன்.

ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டி வெடித்தால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது சென்ற வாரம் ஈப்போ மாலை வகுப்பில் நடந்த பாடம். எடையின் கனமூலத்தை நாற்பதால் பெருக்க வேண்டும். மங்களம் அக்காவின் கல்யாணச் சமையலுக்கு மூன்று சிலிண்டர், இரும்போடு 216 பவுண்டு. கனமூலம் ஆறு. 240 அடி.

கல்யாணம் இன்று கோப்பெங் பக்கம், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, சிறுவனான நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிய இடம். தோட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் அக்காவுக்கு வேறு இடம் பிடிக்கவில்லை.

"அடுப்பக் கொஞ்சம் தள்ளி வைங்கக்கா," என்றேன் சமையல் நல்லம்மாளிடம்.

"சாம்பார் கொதிக்குது. வேணும்னா நீ தள்ளிப் போலா!"

அடுப்பு நகராது என்றால் ஆட்கள்தான் நகர வேண்டும். சித்தியவானிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டாரைக் களத்தின் கோடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெயில் ஏறியது.

"என்ன தம்பி, காய வைக்கிறீங்க? நாங்க என்ன ரப்பர் ஷீட்டா?" என்றார் மாப்பிள்ளையின் தாயார் செல்லாயி.

நிழலுக்காக, பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகையின் பின்புறம் நாற்காலிகளை மாற்றினேன். அடுப்பிலிருந்து அளந்தேன். 260 அடி. திருப்தியாக இருந்தது.

அங்கிருந்து பந்தல் தெரியவில்லை. மேளம் சரியாகக் கேட்கவில்லை. காப்பி ஆறிப்போய் வந்தது. முகூர்த்தத்துக்குக் கால் மணி இருக்கும்போது அழைக்கப் போனேன். செல்லாயி அசையவில்லை.

"மாட்டுக் கொட்டாய்ல ஒதுக்கி வச்சிட்டு இப்பத் தாலி கட்டக் கூப்புடுறீங்களா? சீனி, பஸ்ஸத் திருப்பச் சொல்லு!"

வேறு வழியின்றி ராக்கெட் தொட்டியைப் பற்றி விளக்கினேன்.

"அப்ப, வெடிக்கிற எடத்துலயா எம்புள்ளய உக்கார வைக்கப் போறே?"

நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. அங்கே மணவறையில் அக்கா தனியாகக் காத்திருந்தாள். இங்கே மாப்பிள்ளையின் மாமா சீனி, "கெளம்புவோம்க்கா," என்று எழுந்து, வாயில் பீடியை வைத்துத் தீப்பெட்டியைத் தட்டித் திறந்தார்.

களத்தை ஒட்டிய சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். அங்குள்ள கல் குவாரியின் காவல்காரர்.

"அண்ணே, கொளுத்தாதீங்க! இது எங்க குவாரி வெடிமருந்து ஸ்டோர்லா!"

எல்லோரும் பந்தலைப் பார்த்து ஓடினோம். சின்ன வயதில், இலவசப் பால் பவுடர் லாரி வந்த நாட்களில் இதே களத்தில் நாங்கள் ஓடிய ஓட்டம் அது. முதலில் பந்தலை அடைந்தவர் செல்லாயி. தாலி சரியான நேரத்தில் ஏறியது.

நாளை: ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் முப்பது நாற்காலிகளையும் எடுத்து வர வேண்டும்.