317-ஆம் அறை நேயர்

பாலை எதில் காய்ச்சுவது, எங்கே காய்ச்சுவது என்பதுதான் மணிவாசகத்துக்குப் பிரச்சினை.

ஆஸ்பத்திரி வானொலி நிலையம் அன்று காலைதான் அடித்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குக் குடிபெயர்ந்திருந்தது. இசைத்தட்டுப் பெட்டிகளையும் கருவிகளையும் தொண்டர்களே சுமந்தார்கள். புது இடம் என்பது அதுவரை போர்வை அடுக்கி வைத்திருந்த ஜன்னலில்லாத அறை.

“பால் பொங்காம முதல் நிகழ்ச்சியை எப்படிடா ஆரம்பிக்கறது?” என்றான் மணிவாசகம்.

“இது என்ன உன் சொந்த வீடா?” என்றான் சண்முகவேல். பெட்டி தூக்குவதற்காக பக்கத்து ஊரான லவாலிலிருந்து இழுத்து வரப்பட்ட கல்லூரி நண்பன்.

“நீ மாசத்துக்கு ஒருதரம் வர்றே. மத்த நாளெல்லாம் நான் தமிழ் பேசற இடம் இது ஒண்ணுதான்.”

ஞாயிறு நாலு மணிக்கு மணிவாசகம் நடத்தும் தமிழ் அரைமணி. படுக்கைக்குப் படுக்கை காதில் மாட்டும் கருவி இருந்தும், கேட்பவர் ஒரே ஒருவர்தான். ஐந்து மாதமாக வாரம் தவறாமல் விருப்பப் பெட்டியில் பிரெஞ்சில் ஒரு சீட்டு: ‘தமிழ் நிகழ்ச்சி வேண்டும். அறை 317.’ தொண்டர்கள் நோயாளிகளின் அறைக்குள் போகக் கூடாது என்பதால் அந்த நேயரை அவன் பார்த்ததில்லை. யாரோ வயதான தமிழ் அம்மாள், நர்ஸிடம் சொல்லி எழுத வைக்கிறார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். பாட்டுக்கு நடுவே அந்த அம்மாளிடம்தான் மனசு விட்டுப் பேசுவான். அம்புஜத்தின் விசா இன்னும் வரவில்லை, கல்யாணமாகிப் பதினாறாம் நாள் அவளைக் கும்பகோணத்தில் விட்டு வந்தது, அம்புஜம் கடிதத்தில் என்ன எழுதினாள், எல்லாம். அந்த அரைமணி இல்லாவிட்டால் அவனுக்கு வாரமே கிடையாது.

“நாலு மணிக்கு ஒலிபரப்பு போகலைன்னா அந்த நேரத்தைப் பியானோக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்” என்று நிலையத் தலைவர் கோர்டன் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

மூன்றரைக்கு மணிவாசகம் இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து மின் அடுப்பை எடுத்தான். செருகியதும் ஃபியூஸ் போயிற்று.

“நாலுக்குள்ள மாத்திடலாம். நீ முதல்ல பாலைக் கவனி” என்று சண்முகவேல் நீள வயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, வராந்தாவிலிருந்து மின்சாரம் கொண்டுவந்தான். இருவரும் கைவிளக்கு வெளிச்சத்தில் ஃபியூஸ் மாற்றுவதில் மும்முரமாக இருக்க, பால் தன் கடமையைச் செய்தது. பொங்கி, அடுப்பில் வழிந்து, தீய்ந்து, அறை முழுக்கப் புகை.

“ஈரத் துண்டைப் போடு.”

போட்டார்கள். புகை இரண்டு மடங்காயிற்று.

“கதவைத் திறடா, மூச்சு முட்டுது.”

திறந்தார்கள். புகை வராந்தாவுக்குப் போயிற்று. அபாய மணி அடித்தது. நர்ஸுகள் நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு மாடிப்படி அருகே வந்தார்கள். கோர்டன் காபிக் கோப்பையோடு ஓடிவந்தார். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

“போச்சு. அந்த அம்மா காதுல மாட்டிக்கிட்டுக் காத்துட்டு இருப்பாங்க” என்றான் மணிவாசகம்.

“எங்க காத்துட்டு இருப்பாங்க? எல்லாரும் இங்கதானே நிக்கறாங்க. போய்ப் பாரு” என்றான் சண்முகவேல்.

மணிவாசகம் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு தமிழ் முகமும் இல்லை. கடைசி நாற்காலியில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர் போல முரட்டுக் கைகள். மணிக்கட்டு அட்டையில் 317.

ஐந்து மாதமாகச் சொன்னதெல்லாம் சுவரிடம் சொன்னது போலத்தானா? அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாய் தானாகத் தமிழில் கேட்டது.

“நீங்களாங்க சீட்டு எழுதினது?”

அந்தக் குரலைக் கேட்டதும் கிழவரின் முகம் மலர்ந்தது. அவன் கையைப் பற்றிக்கொண்டு, புரியட்டும் என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்:

“உங்க பேச்சில எனக்குப் பிடிபட்டது ஒரு பேரும் ‘விசா’ங்கற வார்த்தையும்தான், தம்பி. அதைச் சொல்ற குரலைக் கேக்கத்தான் சீட்டு எழுதினேன். அம்புஜம் வந்தாச்சா?”