உன் அத்தான் போட்ட பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். லேப்டாப் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்திருந்தால் உன் வாயாலேயே கேட்டிருப்பேன்.

உன் அத்தான் ஓய்வுபெற்றதிலிருந்து சுயசரிதை எழுதுவது உனக்குத் தெரியும். போனில் பிடித்துவைத்து உனக்குத்தானே படித்துக் காட்டுகிறார். எனக்கு மட்டும் காட்ட மாட்டார். அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்தே காலம் தள்ளியவள் நான், கண்ணில் பட்டால் சிவப்பு மையோடு பாய்ந்துவிடுவேனாம். அந்தப் பயத்தில் எனக்குத் தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியாததாக வைக்கச் சொன்னதே நீதானாம். வைத்தார். மறுநாள் அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னடி இது, என் லேப்டாப்பே என்னை யாருன்னு கேக்குது?"

"எழுதினதைப் படிச்சிருக்கும். அதான் சந்தேகம் வந்திருச்சு."

தப்புத் தப்பாக அடித்துப் பார்த்ததில் அது முறைத்துக்கொண்டு, பிறகு வா என்று சொல்லிவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் வந்தவர்களை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிய மனிதருக்கு அது பொறுக்கவில்லை. தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சுத்தமா துடைச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்றார். இவர் திரையில் இருந்த கைரேகையை நினைத்துக்கொண்டு, "தாராளமா துடைங்க, கீபோர்டு இடுக்குலகூட அழுக்கு இருக்கு" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "துடைச்சா உள்ள இருக்கறது என்னங்க ஆகும்?"

"உள்ள இருக்கறதைத்தாம்மா துடைக்கிறது."

கடைக்காரர் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கி, பச்சைப்பிள்ளைபோல மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சுயசரிதை போனால் உலகம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஆனால் தம்பி, அம்மாவின் குரல் அதில்தான் இருக்கிறது. கடைசியாக இங்கே வந்து தங்கியபோது தற்செயலாகப் பதிவானது. நமக்கு வேறு பதிவு கிடையாது.

வீட்டுக்கு வந்து, திரைக்கு அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்த வரியைப் படித்தேன். பொடி எழுத்து படிப்பதுதானே என் பிழைப்பு. கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று கேட்டிருந்தது. அமுக்கினேன். கணக்கோடு சேர்த்திருக்கும் போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் அதை இங்கே போடு என்றது. துடைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம். யாருடைய போன்? லேப்டாப்பை வாங்கிவந்து எல்லாம் செய்துகொடுத்த மகராசன் உன்னுடையது!

அன்றிலிருந்து எண் மேல் எண்ணாக உனக்கு வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், நீ எடுத்தபாடில்லை. பத்து நிமிடத்தில் செத்துப்போகிற எண்ணைக் கேட்டுத் தபாலில் கடிதம் போடுகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடிதம் கண்டதும் கூப்பிடு.

பிள்ளைகளுக்கு முத்தம். நீயும் உன் மனைவியும் நீண்ட ஆயுளோடும், போன் மணி கேட்கிற காதோடும் வாழ வாழ்த்தும்,

அக்கா

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டுவதற்குள் மனசு கேட்காமல் இன்னொரு தடவை கூப்பிட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம், உன் மனைவி எடுத்தாள். புதிதாக வந்த எண்ணை வாசித்தாள். நீ எங்களை 'எடுக்காதே' என்ற பெயரில் போனில் போட்டுவைத்திருப்பதையும் சேர்த்து வாசித்தாள். லேப்டாப் திறந்துவிட்டது, ஒன்றும் போகவில்லை. அம்மா அதில் உன் அத்தானைத்தான் திட்டுகிறாள்: "மாப்பிள்ளை, ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" முதலில் அழுதேன், அப்புறம் சிரித்தேன். சுயசரிதையையும் படித்தேன். அத்தனை அத்தியாயத்திலும் நான் வருவது ஒரே ஒரு வரி: 'இதற்கிடையில் எனக்குத் திருமணமும் நடந்தது.' எழுத்துப்பிழை இல்லை, அதனால் திருத்தவில்லை. கடவுச்சொல்லாக என் பிறந்த நாளை வைத்து மூடிவிட்டேன். பாவம், காலையிலிருந்து முட்டிக்கொண்டிருக்கிறார். உன்னைக் கூப்பிடுவார். எடுக்காதே.