படம் எடுக்கிற கோட்டும் வ்ரேனியின் உடுப்பும்

ஒரு மனிதனுக்கு வாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குக் குளிர் உடுப்பும் வேண்டும். இது நானாகக் கண்டுபிடித்த உண்மை. பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை (ஆறாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் மன்னித்து விலகிக்கொண்டோம்). சுவிஸில், உறைந்துபோன ஏரி ஒன்றின் நடுவில், கவிழ்த்து வைத்த வாளிமேல் புதுமாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தபோது கண்டுபிடித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வில் என்ற ஊரில், ஒரு பேக்கரிக்கு மேலே, நாங்கள் நாலு பெடியள் ஒரே வீட்டில் இருந்தோம். நாலு பேருக்கும் அகதி வழக்கு. நாலு பேருக்கும் ஏதோவொரு குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. நாலு பேருக்குமாக ஒரு கோட்டு.

அந்தக் கோட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். கறுப்புக் கம்பளி. முழங்காலுக்குக் கீழே இறங்கும். கழுத்தைச் சுற்றி நரிமயிர்போல ஏதோ ஒன்று. பழைய உடுப்புக் கடையில் நாலு பேரும் சேர்ந்து வாங்கியது. இடப்பக்கம் இரண்டாவது பொத்தான் இல்லை. அதற்குச் சோடியானது சுவிஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று எங்கள் நாலு பேரில் மூத்தவரான குணம் அண்ணை சொல்லுவார் (அவர் தேடியது பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் மட்டும்). கோட்டுக்கு ஒரேயொரு வேலைதான், படத்தில் நிற்பது. ஊரில் தரகர் எங்கள் படத்தைக் கொண்டுபோய்ப் பொம்பிளை வீட்டில் காட்ட வேண்டும். காட்டும்போது கோப்பை கழுவுகிற கை தெரியக்கூடாது. ஆகவே படம் எடுக்கிற அன்று கோட்டு வெளியே வரும், முடிந்தவுடன் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் போய்த் தொங்கும். குளிருகிறது என்பதற்காக அதைப் போடுவது எங்கள் வீட்டில் குற்றம். வெளியில் பனி கொட்டும். நாங்கள் மெல்லிய ஜக்கெற்றில் பல்லுக் கிட்டித்துக்கொண்டு வேலைக்குப் போவோம். கோட்டு வீட்டில் சூடாக இருக்கும்.

நான் வேலை செய்த உணவகத்தில் குசினிக்குப் பொறுப்பு எல்ஸ்பெத். என் வயதுதான் இருக்கும், தோள் மட்டும் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. ஒருநாள் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. வாய் என்றால் கை. அந்தக் காலத்தில் என் டொச் பாஷைக்கு, அதுதான் ஜெர்மனுக்கு, இன்னும் பல் முளைக்கவில்லை, மிச்சத்தைக் கையால்தான் கதைப்பேன். ஊரில் நான் பெரிய மீன்பிடிகாரன் என்று கையால் சொன்னேன். நான் பிடித்த மீனின் நீளத்தைக் காட்டக் குசினி காணாமல் கதவைத் திறக்கவேண்டி வந்தது. உண்மையில் மீனும் நானும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் சட்டி. ஊரில் நான் உழவு மிசினுக்குப் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன்.

எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா என்றாள். ஒவ்வொரு மாரியும், பனி கொட்டுகிற காலத்தில், அவளும் அவளுடைய அக்கா வ்ரேனியும் மலைமேல் உள்ள ஏரிக்குப் போய், பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குவார்களாம். இந்தமுறை வ்ரேனிக்குக் காய்ச்சல். ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள், சூடாக உடுத்திக்கொண்டு வா, சூடாக.

சூடு என்றால் என்ன? எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: எது பாரமோ அது சூடு, எது வடிவோ அது இன்னும் சூடு. அப்படிப் பார்த்தால் சுவிஸில் ஒரேயொரு உடுப்புத்தான் மிஞ்சும். அது எங்கள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த ஞாயிறு கோட்டுக்கு வேலை இருந்தது. பின்னேரம் குணம் அண்ணை படம் எடுக்கவேண்டும். திங்கள் காலையில் தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் பறக்கிறார், படம் அவர் கையில் போகவேண்டும். குணம் அண்ணைக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கி நாளாகிவிட்டது. பொம்பிளை வீட்டார் படம் எங்கே என்று கேட்டுக் களைத்துவிட்டார்கள். இந்தமுறையும் போகாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள் என்று தரகர் எழுதியிருந்தார்.

பின்னேரத்துக்கு முன் கொண்டுவந்து கொழுவிவிடலாம் என்று நினைத்தேன். அதோடு எனக்கென்று ஒரு திட்டமும் இருந்தது. எல்ஸ்பெத்திடம் எடுத்தவுடன் படம் வெளியே தள்ளுகிற கமரா இருந்தது. சுற்றிவர வெள்ளைப் பனி, நடுவில் கறுப்புக் கோட்டில் நான், கையில் மீன். அந்தப் படம் ஊருக்குப் போனால் மற்ற மாப்பிள்ளைமாரெல்லாம் கடை பூட்டவேண்டியதுதான்.

குணம் அண்ணை நித்திரையில் இருக்கக் கோட்டை எடுத்தேன். உள்ளுக்குப் பருத்திச் சேட்டு, அதற்குமேல் இன்னொரு பருத்திச் சேட்டு, கழுத்தில் ரை. காலுக்குக் குணம் அண்ணையின் மினுக்கிய தோல் சப்பாத்து (களவு எடுப்பவன் பாதியில் ஏன் நிற்கவேண்டும்?).

என்னை ஏற்ற வந்த எல்ஸ்பெத் காரைவிட்டு இறங்கி என்னை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தாள். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து ஒரு சாமானை இழுத்து எடுத்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டான உடுப்பு. கத்துகிற செம்மஞ்சள் நிறம். வ்ரேனி மாரியில் ஏரிப் படகுகளில் வேலை செய்கிறவள், இது அவளுடையது. உள்ளே தடிப்பாக ஏதோ அடைத்திருந்தது. தண்ணீரில் விழுந்தால் இது ஆளை மிதக்க வைக்கும் என்று எல்ஸ்பெத் காட்டினாள். கழுத்தில் ஒரு கயிறு, அதன் இரண்டு நுனியிலும் கைபிடி வைத்த கூர் ஆணிகள். பனி உடைந்தால் அதைக் குத்திக்குத்தி மேலே ஏறலாம். நெஞ்சில் பெரிய எழுத்தில் VRENI என்று தைத்திருந்தது.

நான் அதைப் பார்த்தேன். தெருக் கூட்டுகிற ஆட்களின் நிறம். போதாததற்குப் பொம்பிளை உடுப்பு. யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருவன் இதைப் போட்டுக்கொண்டு மீனுக்கு முன்னால் எப்படி நிற்பது? "நைன், நைன்" என்றேன். கோட்டைத் தட்டிக் காட்டி, "வார்ம்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உடுப்பைத் திரும்பக் காருக்குள் எறிந்தாள்.

ஏரிக்கு வந்ததும் எல்ஸ்பெத் கொஞ்சத் தூரத்துக்கு ஒருதரம் பனியைத் துளைத்து எவ்வளவு தடிப்பு என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். அவளுடைய சப்பாத்துக்கு அடியில் முள் இருந்தது. குணம் அண்ணையின் சப்பாத்துக்கு அடியில் மினுக்கம் மட்டும் இருந்தது. நான் நடந்தேன் என்று சொன்னால் பொய், பாதித் தூரம் அவளுடைய வாளியைப் பிடித்துக்கொண்டு வழுக்கிப் போனேன்.

மீன்பிடிகாரன்தானே, நீ துளை போடு என்றாள். போட்டேன். வேர்த்துக் கொட்டியது. பார்த்தாயா, கோட்டு எவ்வளவு சூடு என்று அவளுக்குச் சிரித்துக் காட்டினேன். பிறகு வாளியில் உட்கார்ந்தோம். அந்த வேர்வையெல்லாம் பருத்திச் சேட்டுக்குள் அப்படியே நின்று, மெல்லமெல்லக் குளிர்ந்து, கடைசியில் யாரோ ஐஸ்பெட்டியைத் திறந்து என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதுபோல ஆனது. மீசையில் வெள்ளை பூத்தது. கால்விரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆனாலும் நான் அசையவில்லை. படத்துக்கு வடிவாக இருக்கட்டும் என்று கோட்டின் கீழ்ப்பக்கத்தைப் பாவாடைபோல என்னைச் சுற்றி விரித்து வைத்திருந்தேன். துளையிலிருந்து வந்த தண்ணீர் அதற்குக் கீழேதான் தேங்கியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தூண்டில் இழுபட்டது.

துள்ளி எழும்பினேன். அதாவது, எழும்பப் பார்த்தேன். கோட்டு எழும்பவில்லை. அது ஏரியோடு ஒட்டி இறுகிவிட்டது. நான் மேலே, கோட்டு கீழே, மீன் இன்னும் கீழே, மூவரும் மூன்று பக்கம் இழுத்தோம். சர்ரென்று ஒரு சத்தம். கோட்டு கிழிந்து என்னை விட்டது. நான் முன்னால் போனேன், மினுக்கிய சப்பாத்து வழுக்கியது, வலது கால் துளைக்குள் முழங்கால்வரை இறங்கியது.

அந்தக் குளிரைச் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. கத்தக்கூட வரவில்லை, உள்ளே போன மூச்சு திரும்பி வர வழி கேட்டுக்கொண்டு நின்றது.

எல்ஸ்பெத் ஓடிவந்தாள். கக்கத்தில் கைகொடுத்து என்னை வெளியே எடுத்தாள். சப்பாத்து ஏரியோடு போய்விட்டது. காருக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோய், பலாச்சுளை உரிப்பதுபோல கோட்டு, ரை, சேட்டு, சேட்டு என்று உரித்தாள். கம்பளி உள்ளுடுப்பு ஒன்றைத் தலைவழியே இறக்கி, கம்பளிச் சொக்ஸை மாட்டி, வ்ரேனியின் உடுப்புக்குள் என்னைப் போட்டுப் பூட்டை நாடிவரை இழுத்துவிட்டாள். போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றி வாயில் வைத்தாள். நான் நடுங்கி முடியும்வரை என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் எனக்கு மேலே இருக்கிறவள். என் காலைத் தேய்த்தாள்.

பிறகு மெதுவாக ஒன்று நடந்தது. சூடு வந்தது. முதலில் வயிற்றுக்கு, பிறகு முதுகுக்கு, பிறகு போன விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒருநாளும் உடம்பு முழுக்கச் சூடாக இருந்ததில்லை. இங்கே வந்தால் குளிரத்தான் வேண்டும், அதுதான் இந்த நாட்டுக்குள் வரக் கொடுக்கிற வாடகை என்று நினைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உருகுகிற மீசை என்று எல்ஸ்பெத்துக்குக் காட்டினேன்.

"யெட்ஸ் இஷ் குவெட்," என்றாள். இனிச் சரி என்று அர்த்தம்.

மீன் போகவில்லை. நான் விட்ட தூண்டிலை அவளுடைய வாளி தடுத்துப் பிடித்திருந்தது. காரில் இருந்த வ்ரேனியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் அதை இழுத்து எடுத்தேன். என் உள்ளங்கையைவிட இரண்டு விரல் நீளம். குசினிக் கதவைத் திறந்து காட்டிய மீனின் பேரப்பிள்ளை. எல்ஸ்பெத் அப்போதுதான் சிரித்தாள், சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். கோட்டின் கிழிந்த துண்டைப் பனியிலிருந்து கொத்தி எடுத்துக் காருக்குள் வைத்தோம். வெளியே கழற்றிப்போட்ட கோட்டு விறைத்துப்போய், ஆளில்லாமலே பின் ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த குணம் அண்ணை முகம் சவரம் செய்து, ரை கட்டி, பவுடர் போட்டு நின்றார். என்னைப் பார்த்தார். என் கையில் பலகைபோல இருந்த கோட்டைப் பார்த்தார்.

"டேய் ராசன், கோட்டுக்கு என்னடா செய்தனி?"

"மீன் பிடிக்கப் போனது அண்ணை."

"சப்பாத்து?"

"அது இன்னும் பிடிச்சுக்கொண்டு இருக்குது."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தமுறையும் போச்சு," என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்த உடுப்புக்குள் நான் சூடாக நிற்பதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாலு பேரும் கோட்டைச் சுற்றி நின்றோம். ஹீட்டருக்கு மேல் போட்டோம், அயன் பிடித்தோம், கீழே பேக்கரிக்காரரிடம் கெஞ்சி வெதுப்படுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். கிழிந்தது இடுப்புக்குக் கீழே, படம் இடுப்புக்கு மேலே என்று முடிவெடுத்தோம். கடைசியில் பாதி ஈரத்தோடு, பாண் வாசத்தோடு, குணம் அண்ணை அதைப் போட்டுக்கொண்டு, எல்ஸ்பெத் இரவல் தந்துவிட்டுப்போன கமராவுக்கு முன்னால் நின்றார். குளிரில் கண் இரண்டும் வெளியே தள்ளியது. படத்தில் அது பெரிய உத்தியோகக்காரரின் முழிபோல விழுந்தது. படம் போய்ச் சேர்ந்தது, கல்யாணமும் சரிவந்தது.

கொழும்புக்குப் பறந்த அதே ஆளிடம் நானும் ஒரு படம் கொடுத்துவிட்டேன், தரகருக்கு அல்ல, அம்மாவுக்கு. குளிருக்கு என்ன மோனை போடுறாய் என்று அம்மா கேட்காத கடிதம் இல்லை. வ்ரேனியின் உடுப்பில் நான் மீனோடு இளித்துக்கொண்டு நிற்கிற படத்தின் பின்னால், "அம்மா, இப்ப குளிரேல்ல" என்று எழுதினேன். எனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா அதைத் தரகரிடம் கொடுப்பா என்று யார் கண்டது?

பேப்பர்கள் எல்லாம் சரிவந்து, எண்பதுகளின் கடைசியில், என் மனைவி தவமணி விமானத்தில் வந்து இறங்கினா. மாரிகாலம். பட்டுச்சேலை, காலில் செருப்பு. எல்ஸ்பெத்துக்கு இது முன்னமே தெரிந்திருக்கவேண்டும். முதல்நாளே என்னிடம் ஒரு பெரிய பையைத் தந்துவிட்டிருந்தாள். பட்டுச்சேலைக்கு மேலே, பையிலிருந்த வ்ரேனியின் உடுப்பை இழுத்துப் பூட்டிவிட்டேன். தவமணி குனிந்து நெஞ்சில் இருந்த எழுத்தைப் பார்த்தா.

"இதுதானோ உங்கட கொம்பனி உடுப்பு?"

"எந்தக் கொம்பனி?"

"வ்ரேனி கொம்பனி. அப்பா படத்தில வாசிச்சுப்போட்டு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்."

ரயிலில் அவ யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தா. பிறகு, தரகர் சுவிஸ் மாப்பிள்ளைமாரின் மூன்று படம் கொண்டுவந்தவர் என்று சொன்னா. மூன்றிலும் கறுப்புக் கோட்டு. மூன்றிலும் இடப்பக்கம் ஒரு பொத்தான் இல்லை.

"தலைதான் மாறிச்சுது, கோட்டு மாறேல்ல. நாலாவதா உங்கட படம் வந்தது. நீங்கள் ஒருத்தர்தான் சொந்த உடுப்பில நிண்டனீங்கள். அதுதான் ஓம் எண்டனான்."

நான் யன்னலைப் பார்த்தேன். பிறகு அவவின் நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தேன். வில் வருவதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. துளை, கோட்டு, சப்பாத்து, காய்ச்சல்காரி வ்ரேனி, எல்லாம் சொன்னேன். தவமணி சிரித்த சிரிப்பில் முன்ஆசனத்துக் கிழவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லவில்லை. மாமா கண்மூடும்வரை தொலைபேசியில் முதல் கேள்வி, கொம்பனி எப்படிப் போகுது தம்பி என்பதுதான். நல்லாப் போகுது மாமா என்பேன். பொய் இல்லை. வ்ரேனி நல்லாத்தான் இருந்தா. எனக்கு அவவும் தங்கையும் கொடுத்த சூட்டில்தான் ஒரு குடும்பமே நிற்கிறது என்பதை எந்தப் பாஷையில் அவர்களுக்குச் சொல்லுவது என்று இன்னும் தெரியவில்லை. வருசத்துக்கு ஒருமுறை ஒரு சட்டி மீன்குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஜக்கெற் என்ற சொல்லே இல்லை. பிள்ளைகள் மாரியில் வெளியே ஓடினால் தவமணி வாசலில் நின்று, "வ்ரேனி போட்டனியோ?" என்று கத்துவா. ஒருநாள் குழம்புச்சட்டியைத் திருப்பித் தர வந்த வ்ரேனி அதைக் கேட்டுவிட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று படியேறி ஓடிவந்தா. மகன் அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பிச் சொன்னான்: "ஓம் அம்மா, போட்டிட்டன்."