வீட்டார் கையெழுத்து

வார்டு வேட்பாளர் ஆகியே தீருவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன்.

ஊழலை எதிர்த்துப் பதினொரு நாள் மைதானத்தில் உட்கார்ந்தவன் நான். வெயிலில் கருத்தேன். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியது. அந்தக் கூட்டம்தான் இப்போது கட்சியாகியிருக்கிறது. முதல் தேர்தல். நகராட்சி அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே எந்த மேஜையில் எதைத் தள்ளினால் காகிதம் நகரும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்னை விட்டால் யார்?

ஒரே ஒரு சிக்கல். வேட்பாளர் லஞ்சம் கொடுக்காதவர், வாங்காதவர் என்று வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, வார்டுக் கூட்டத்தில் எழுந்தும் சொல்ல வேண்டும். எங்கள் கட்சி விதி. எழுதியவர் நிச்சயம் பிரம்மச்சாரி.

மனைவி கண்ணாடி மாட்டிக்கொண்டு படிவத்தை முழுசாகப் படித்தாள்.

"யோசிச்சுதான் போடணும்ங்க."

"நான் யாருக்கும்மா லஞ்சம் கொடுத்தேன்?"

"சிகரெட் பிடிச்சதை அம்மாகிட்ட சொல்லாதேன்னு பாப்பாவுக்கு சாக்லேட்?"

"அது பாசம்!"

"எங்கம்மா கேக்காமலே ஊருக்கு டிக்கெட்?"

"அது மரியாதை!"

சாயங்காலம் கூட்டம்.

"சரி, நீ கையெழுத்துப் போடு. ரெண்டு மாசம் பாத்திரம் நான் கழுவுறேன்."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். தொழில் புத்தி, இரண்டு பிரதியும் எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் எழுந்தாள். "இவர் நல்லவர். மைதானத்துல இவர் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு அவ்வளவு பெருமை. அதனாலதான் இந்தக் கட்சிகிட்ட பொய் சொல்ல மனசு வரலை. என் கையெழுத்துக்கு லஞ்சம் தர்றேன்னார். நான் போடலை." பிரதி ஒன்றைத் தலைவரிடம் கொடுத்தாள். இன்னொன்று வரிசையாகக் கைமாறியது. தெளிவான அச்சு. என் மிஷின் அப்படி.

தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொந்தப் புருஷன் கொடுத்த லஞ்சத்தையே வேண்டாம்னவங்க! இதுக்கு மேல என்னத்தைத் தேடறது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புதுப் படிவத்தை நீட்டினாள். வேட்பாளர் அவள். வீட்டார் கையெழுத்து நான். ஆகா, வந்தது என் முறை!

"போட்டா எனக்கு என்ன தருவே?"

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். "இதையும் எழுதிக் கொடுங்க."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒரு பாயிண்ட் மிச்சமிருந்தது.

"லஞ்சம் வேண்டாம்னுட்டியே, அப்ப பாத்திரம் நான் கழுவ வேண்டாம்தானே?"

"பிரசாரத்துக்குப் போறவளுக்கு ஏதுங்க நேரம்? இனிமே அது உங்க கட்சிப் பணி."